இட்சுகுஷிமாவுக்கு ஒன்றரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையில் மியாஜிமா தீவுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். கடலுக்குள் நிற்கும் செந்நிற வாசலின் படம் பக்கத்தில் பாதியை அடைத்திருந்தது. பார்க்க நிறைவாக இருந்தது. ஆனால் அந்தத் தீவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும், மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கியோட்டோவுக்கு ரயில் ஏறிவிடலாம் என்று எழுதியிருந்ததை என்னால் சும்மா விட்டுவிட முடியவில்லை. சேமிப்பையெல்லாம் திரட்டி அவ்வளவு தூரம் போகிற நம் வாசகர்கள் இந்த யோசனையைக் கேட்டால், அந்தக் கோயிலில் பாதியைக்கூடப் பார்க்காமல் திரும்புவார்கள். அதற்காகவே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மகளும் மருமகனும் ஹிரோஷிமாவில் வேலை பார்க்கிறார்கள். சென்ற பங்குனியில் அவர்களிடம் போயிருந்தபோதுதான் மியாஜிமாவில் உள்ள இட்சுகுஷிமா கோயிலைப் பார்த்தேன். ஜப்பானியர்களின் பழைய சமயமான ஷின்டோவின் கோயில் அது. எந்த நாளில் போவது என்று மகள் கேட்டாள். சகுரா என்ற செர்ரிப் பூ பூத்திருக்கும் நாளாகப் பார்த்துச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் தினசரிக் காலண்டரில் திதி பார்த்து, பங்குனி உத்திரம் கழிந்த மறுநாள் என்றேன். பௌர்ணமி கழிந்து ஒன்றிரண்டு நாளில்தான் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் மனதில் வைத்திருந்ததே அந்த ஏற்றவற்றத்தைத்தான்.

சூரியன், சந்திரன், பூமி மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது கடல் பெரிதாக ஏறி இறங்கும் என்று கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்க் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய் அதைக் கண்ணால் காட்டுவது கடினம். மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிப் பக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களிலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஹிரோஷிமா விரிகுடா அப்படியல்ல. பசிபிக் பெருங்கடலின் ஓதம், அதாவது இந்த ஏற்றவற்றம், பூங்கோ, கீ என்ற இரண்டு கால்வாய்கள் வழியாகச் செத்தோ உள்நாட்டுக் கடலுக்குள் புகுந்து, ஒதுங்க இடமில்லாமல் உயர்கிறது. பெரிய ஓத நாட்களில் அங்கே நீர்மட்டம் ஏறக்குறைய நான்கு மீட்டர் ஏறி இறங்குகிறது. ஒரு வீட்டின் மாடியளவு நீர், ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் போகிறது. உலகில் எத்தனையோ கோயில்கள் கடலோரத்தில் இருக்கின்றன. கடல் தினம் இரண்டு முறை அடியில் வந்துபோக வேண்டும் என்று திட்டமிட்டே கட்டிய கோயில், நான் அறிந்தவரையில் இது ஒன்றுதான்.

ஏன் அப்படிக் கட்டினார்கள்? அந்தத் தீவையே தெய்வமாக வணங்கியவர்கள் அவர்கள். 535 மீட்டர் உயரமுள்ள மிசென் மலையும், அதை மூடிய காடும், கரையும் எல்லாம் சேர்ந்து ஒரு திருமேனி. அதில் மரம் வெட்டி, மண் பறித்துக் கடைக்கால் போட மனம் வரவில்லை. ஏற்றத்தில் கடலாகவும் வற்றத்தில் கரையாகவும் இருக்கிற இடைப்பட்ட மணல்திட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 593ஆம் ஆண்டில் சயெகி குராமோதோ என்பவர் முதலில் கோயில் எழுப்பினார் என்பது தல வரலாறு. இன்று நாம் காணும் பெரிய அமைப்பு 1168ஐ ஒட்டித் தைரா நோ கியோமோரி உருவாக்கியது. ஹிரோஷிமா பகுதியின் பழைய பெயரான ஆகி மாகாணத்தின் ஆளுநராக இருந்து, ஜப்பானின் உச்சப் பதவி வரை உயர்ந்தவர் அவர். செத்தோ கடல்வழியாகச் சீனத்துச் சோங் அரசோடு வணிகத்தைப் பெருக்கியவர். அக்காலப் பிரபுக்களின் மாளிகைகள் முன்னால் குளமும், இருபுறமும் நடைகூடங்களும் கொண்டவை. அதே அமைப்பை இங்கே கொண்டுவந்து, குளத்தின் இடத்தில் கடலை வைத்துவிட்டார். இதை யோசித்தவரின் துணிவை என்னவென்று சொல்வது! பின்னர் தீயில் அழிந்து 13ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியபோதும் அவர் போட்ட அமைப்பையே பின்பற்றினார்கள். கருவறைக் கட்டடம் 1571இல் மோரி மோதோநாரி என்ற பிரபு புதுப்பித்தது. 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோயிலோடு மலைக்காட்டையும் கடலையும் சேர்த்தே அறிவித்தது. அது மிகச் சரியான முடிவு.

நாங்கள் போன நாளைச் சொல்கிறேன். ஹிரோஷிமாவிலிருந்து மியாஜிமாகுச்சிக்கு ரயிலில் அரை மணி நேரம் இருக்கும். அங்கிருந்து படகில் பத்து நிமிடம். 2023 அக்டோபர் முதல் தீவுக்கு வருகிறவர்களிடம் 100 யென் வரி வாங்குகிறார்கள், படகுக் கட்டணத்தோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள். காலை ஒன்பதரை மணிக்குக் கோயிலுக்குள் நுழைந்தோம். செருப்பைக் கழற்றக் குனிந்த என்னை மகள் தடுத்தாள். நடைகூடத்தில் காலணியோடுதான் நடக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லைதான், ஆனால் அவர்கள் வழக்கம் அது. நுழைவதற்கு முன் கல்தொட்டி நீரில் இடக்கை, வலக்கை, பிறகு வாய் என்று கழுவிக்கொள்ள வேண்டும்.

பத்து மணிக்கு முழு ஏற்றம். நடைகூடத்துப் பலகைகளுக்கு நடுவே விரலகல இடைவெளிகள். அதன் வழியே பார்த்தால் காலுக்கடியில் கடல் பளபளக்கிறது. பலகை போதாமல் விட்ட இடைவெளி இல்லை அது. நீர் அளவுக்கு மீறி ஏறும்போது தளத்தை அடியிலிருந்து முட்டித் தூக்கும். அந்த அழுத்தம் சந்துகள் வழியே மேலே வெளியேறிவிட்டால் தளம் பிழைத்துக்கொள்ளும். மேலே ஏறிய நீர் வடிவதற்கும் அதுவே வழி. நெருக்கமாகப் பலகை அடித்திருந்தால் அந்தக் கூடம் எப்போதோ பெயர்ந்து போயிருக்கும். மகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்தவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

கருவறை முன் நின்று இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை குனிந்து வணங்குவது ஷின்டோ முறை. பார்ப்பதற்கு மூர்த்தம் இல்லை. இச்சிகிஷிமாஹிமே, தகோரிஹிமே, தகிட்சுஹிமே என்ற மூன்று தேவியர் அங்கே உறைகிறார்கள் என்ற நம்பிக்கை மட்டும். மூவரும் கடற்பயணத்தைக் காக்கிறவர்கள். திரும்பி நின்றால் தேவியர் பார்க்கும் திசையில் நாமும் பார்க்கிறோம். முன்னால் மேடை, அதன் விளிம்பில் வெண்கல விளக்கு, அப்புறம் நீர், சுமார் 200 மீட்டர் தூரத்தில் நீர் நடுவே அந்தப் பெரிய வாசல், அதற்கும் பின்னே எதிர்க்கரை மலைகள். அன்று ஒரு கல்யாணம் வேறு நடந்தது. வெள்ளை முக்காடிட்ட மணப்பெண் பூசாரிகளுக்குப் பின்னால் மெல்ல நடந்து வந்தாள். கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு அவள் பாதையிலேயே இறங்கியது. அந்தப் பெண்ணின் நாள் அல்லவா அது? விலகி நின்று பார்க்கக் கூடாதா?

பகல் பன்னிரண்டரைக்குத்தான் நான் சொல்ல வந்த சங்கதி நடந்தது. கடல் பாதி இறங்கிவிட்டது. கோயிலுக்கடியில் நீர் விலகி, சேறும் பாசியும் தெரிய ஆரம்பித்திருந்தன. வாசலைச் சுற்றி இன்னும் நடக்க முடியாத அளவுக்கு நீர். அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாக் குழு வந்தது. பேச்சு காதில் விழுந்ததும் மதுரைக்காரர்கள் என்று தெரிந்துகொண்டேன். நடைகூடத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்ற ஓர் அம்மா, என் சேலையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, டிவியில தண்ணி மேல நிக்கிற மாதிரி காட்டுனாங்க, இங்க சேறாக் கெடக்கு. அந்த வாசக்கிட்டப் போகலாமான்னா அதுவும் முடியாதாம்" என்றார். "ரெண்டு ரெண்டேகால் வரைக்கும் இருங்கம்மா, தண்ணி வத்திரும், வாசலுக்கு அடியிலயே நடந்து போகலாம்" என்றேன். அவர் கண் மலர்ந்தது. அதற்குள் கொடி பிடித்த வழிகாட்டி வந்து, இரண்டு மணிப் படகு என்று அவசரப்படுத்தினார். அந்த அம்மா எத்தனை வருடம் காசு சேர்த்து அங்கே வந்தாரோ! இன்னும் சற்று நேரம் இருந்திருந்தால் அவர் கையால் அந்தத் தூணைத் தொட்டிருப்பார். அவரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வழிகாட்டியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் கொடுத்த அட்டவணைப்படி நடக்கிறார். அட்டவணை போடுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். கணக்கு மிக எளிது. ஓத அட்டவணையில் நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கோயில் நீரில் மிதப்பதுபோல் தெரியும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் வாசல்வரை நடக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் இரண்டும் இல்லை. ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனம் ஆண்டு முழுமைக்குமான ஓத நேரங்களை முன்கூட்டியே வெளியிடுகிறது. பௌர்ணமி, அமாவாசை கழிந்த ஓரிரு நாட்களில் அந்த விரிகுடாவில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் ஏற்றம் இருக்கும். மாலை மூன்று, நான்கு வாக்கில் வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமி முதல் தசமி வரை வருகிற சிறிய ஓத நாட்களில் நீர் நன்றாக ஏறுவதும் இல்லை, நன்றாக வற்றுவதும் இல்லை. நம் வீட்டில் நல்ல காரியத்துக்கு அஷ்டமி, நவமி பார்ப்பவர்கள் இந்தப் பயணத்துக்கும் பார்த்துவிடலாம். காலையில் ஏற்றத்தைப் பார்த்து, மாலையில் வற்றத்தையும் பார்த்துவிட்டுப் போனால் ஒரு பகல் போதும். அந்த ஒரு பகலைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டேகாலுக்கு நாங்கள் கரையிலிருந்து இறங்கி நடந்தோம். ஈரமணல், ஆங்காங்கே குட்டை, அதில் சிறு நண்டுகள். கிட்டே போகப்போகத்தான் வாசலின் அளவு தெரிகிறது. ஷின்டோ கோயில்களின் முன்னால் இருக்கும் இந்த வாசலைத் தோரி என்கிறார்கள். இங்கே நிற்பது எட்டாவது தோரி, 1875இல் எழுப்பியது. உயரம் பதினாறரை மீட்டருக்கு மேல், எடை சுமார் 60 டன். நடுவில் இரண்டு பெரிய தூண்கள், அவற்றுக்குத் துணையாக நான்கு சிறிய தூண்கள். பெரியவை இரண்டும் கற்பூர மரங்கள். ஒன்று மியாசாகியிலிருந்தும் மற்றொன்று ககாவாவிலிருந்தும் வந்தவை. செதுக்கி உருட்டாமல் மரத்தின் இயல்பான வளைவும் புடைப்பும் அப்படியே இருக்கின்றன. கடலில் கிடந்தாலும் புழு அரிக்காமல் தாங்கும் மரம் என்பதால் கற்பூர மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு பேர் கைகோத்தால்கூட அடிப்பகுதியைச் சுற்றி வளைக்க முடியாது.

இதில் எனக்கு மிக வியப்பளித்தது இதுதான்: அந்தத் தூண்கள் மண்ணுக்குள் புதைக்கப்படவே இல்லை. கடலடி மண்ணில் பைன் மரக் கழிகளை நெருக்கமாக அடித்து இறுக்கி, அதன்மேல் கல் பரப்பி, அதன்மேல் வாசலைச் சும்மா நிறுத்தியிருக்கிறார்கள். தன் எடையாலேயே நிற்கிறது. எடை போதாது என்று மேலே குறுக்காகச் செல்லும் விட்டத்தைப் பெட்டிபோல் செய்து, உள்ளே கையளவு கற்களை டன் கணக்கில் நிரப்பியிருக்கிறார்கள். அந்த விட்டத்தின் கிழக்கு முனையில் சூரியனும் மேற்கு முனையில் பிறைநிலாவும் தீட்டப்பட்டிருக்கின்றன. தீய திசையிலிருந்து கேடு வராமல் காக்கத் தீட்டியவை அவை. ஓதத்தை நடத்தும் இரண்டு பேரும் ஒரே வாசலின் இரண்டு தோள்களில் இருப்பதைப் பார்த்தபோது ஒரு புவியியல் ஆசிரியைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப்பாருங்கள். என் மாணவர்களில் ஒருவராவது அப்போது பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன்.

தூண்களின் கீழ்ப்பகுதியில் படகடியில் ஒட்டுவதுபோல் சிறுசிறு சிப்பிகள் அடர்ந்திருந்தன. மரத்தின் வெடிப்புகளில் காசுகள் செருகியிருந்தன. பல நாட்டுக் காசுகள். நம் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் கண்ணில் பட்டது. எனக்கு முன்னால் நின்ற சென்னை இளைஞர் ஒருவர் பையிலிருந்து ஒரு காசை எடுத்து வெடிப்பில் வைக்கப் போனார். "வேண்டாம் தம்பி" என்றேன். "எல்லாரும் வெச்சிருக்காங்களே ஆன்ட்டி" என்றார். உண்மைதான், வைத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று கோயில்காரர்கள் கேட்டுக்கொண்டும் வைக்கிறார்கள். காசு உட்கார்ந்த வெடிப்பு விரியும். விரிந்த வெடிப்பில் உப்புநீர் தங்கும். அந்த வாசலைச் செப்பனிடுவதற்காக 2019 ஜூன் முதல் 2022 டிசம்பர் வரை சாரம் கட்டி மூடியே வைத்திருந்தார்கள். கறையான் அரித்த இடங்களும் உளுத்த இடங்களும் இருந்தன, எல்லாவற்றையும் அகற்றி மாற்றுமரம் வைத்து, வண்ணம் பூசி, கூரை மாற்றினார்கள். அந்த வேலையைச் செய்த தச்சர்களின் மூன்றரை வருட உழைப்பு அது. இதைச் சொன்னதும் அந்தத் தம்பி காசைப் பையில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குள் போய் காணிக்கைப் பெட்டியில் போடுகிறேன் என்றார். தங்கமான பிள்ளை. நேர்ந்துகொள்ள நினைக்கிற எல்லாரும் அந்தப் பெட்டியைத் தேடிப் போக வேண்டுகிறேன்.

மான்களுக்கும் எதுவும் கொடுக்காதீர்கள். தீவெங்கும் அவை நம்மிடையே நடமாடுகின்றன. தீனி போடக் கூடாது என்று எழுதிவைத்திருந்தும் பிஸ்கட் நீட்டுகிறார்கள். காகிதம், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் அவை தின்றுவிடும்.

அந்தக் கோயில் பட்டபாட்டையும் சொல்ல வேண்டும். அதன் மேல் கடலும் வருகிறது, மலையும் வருகிறது. 1991 செப்டம்பர் புயலில் கடல்மேல் நிற்கும், நோ என்ற பழைய ஜப்பானிய நாடகத்துக்கான மேடை சரிந்தது, திரும்பக் கட்டினார்கள். 2004 செப்டம்பர் புயலில் இசைவாணர் கூடங்களில் ஒன்று இடிந்து விழுந்தது, அதையும் கட்டினார்கள். 2000க்குப் பிறகு நடைகூடம் நீரில் மூழ்கும் நாட்கள் அதிகரித்திருக்கின்றன. கடல்மட்டம் உயர்வதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிற பிள்ளைகள் இங்கே பலகையில் பார்க்கலாம். மலையின் கதை வேறு. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டால் ஹிரோஷிமா அழிந்தது. அடுத்த மாதமே வந்த பெரும் புயலில் மோமிஜிதானி ஓடையில் மண்சரிவு ஏற்பட்டு, கல்லும் மண்ணும் கோயிலுக்குள் வந்து சேர்ந்தன. நகரமே சாம்பலாகிக் கிடந்த நேரம் அது. இருந்தாலும் 1948 முதல் 1950 வரை அந்த ஓடைக்குத் தடுப்பணை வேலை செய்தார்கள். எப்படித் தெரியுமா? பாறையை உடைக்கக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது, வெளியிலிருந்து கல் கொண்டுவரக் கூடாது, சிமென்ட் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சரிந்து வந்த கற்களையே அடுக்கி, ஒரு தோட்டம் போலவே தடுப்பணையை அமைத்துவிட்டார்கள். இன்று இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்களைப் பார்க்க அங்கே நடப்பவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு வெள்ளத் தடுப்பின் மேல் நடப்பது தெரியாது. சாப்பிட ஒரு வாய் அரிசி கிடைக்காத காலத்தில் ஓர் ஓடைக்கு இவ்வளவு மரியாதை செய்த அந்த மனிதர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கட்டுரையில் இந்த ஓடை பற்றி ஒரு வரிகூட இல்லை. கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான்.

நம்மவர்கள் அங்கே தேடிப் பார்க்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. இச்சிகிஷிமாஹிமேயைப் பல நூற்றாண்டுகளாகப் பென்சைதென் என்ற தேவியோடு ஒன்றாகவே வைத்து வழிபட்டார்கள். பென்சைதென் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் வழியாகப் போய், வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்பிசைக் கருவியை ஏந்திக்கொண்டாள். நதியாக இருந்தவள் அல்லவா, ஜப்பானிலும் அவள் கோயில்கள் தீவிலும் நீர்க்கரையிலும்தான் அமைந்திருக்கின்றன. எனோஷிமா, சிகுபுஷிமா, இட்சுகுஷிமா ஆகிய மூன்றும் அவளுக்குரிய பெரிய தலங்கள். 1868இல் ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க அரசாணை வந்தபோது, பென்சைதென் கோயிலிலிருந்து பக்கத்திலுள்ள தைகன்ஜி என்ற பௌத்த ஆலயத்துக்கு மாறினாள். கோயிலை விட்டு வெளியே வரும் வழியிலேயே அந்த ஆலயம் இருக்கிறது. சுற்றுலாக் குழுக்கள் நின்று பார்ப்பதில்லை. நான் உள்ளே போய், சரஸ்வதி நமஸ்துப்யம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அங்கே எனக்கு அந்நியமாக எதுவும் தோன்றவில்லை.

ஏற்றவற்றம் அந்தக் கோயிலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதன் பெருவிழாவே சான்று. கங்கென்சை என்ற அந்த விழா கியோமோரி காலத்திலிருந்து வருவது. பழைய சந்திரக் கணக்கில் ஆறாம் மாதம் 17ஆம் நாள் நடக்கிறது, ஆங்கில மாதத்தில் ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும். பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள்! நீர் மிக உயர்ந்திருக்கும் இரவு. தேவியரை ஏற்றிய படகு, குழலும் பிவாவும் ஒலிக்க, கடல்வழியாகச் சென்று, அந்தத் தோரி வழியே திரும்பி வருகிறது. நம் தெப்பத்துக்கு எல்லையில்லாத குளம் கிடைத்ததுபோல் இருக்கும். நாடு முழுவதும் புதிய காலண்டருக்கு மாறிய பிறகும் இந்த விழாவுக்குப் பழைய திதிக் கணக்கை விடாமல் வைத்திருக்கிறார்கள். விட முடியாது. நீர் இல்லாத நாளில் படகு எப்படி உள்ளே வரும்?

அன்றிரவு நாங்கள் தீவிலேயே ஒரு சிறு விடுதியில் தங்கினோம். பகல்கூட்டம் ஐந்து மணிக்கெல்லாம் படகேறிவிட்டது. தங்கக் கூடுதல் செலவாகும் என்பது உண்மைதான். முடியாதவர்கள் ஹிரோஷிமாவில் தங்கிக்கொண்டு இரவுப் படகில் திரும்பலாம், நேரம் பார்த்துக்கொண்டால் போதும். வாசலுக்கு இரவு 11 மணி வரை விளக்குப் போட்டு வைக்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கட்டுரையில் நிறையவே இருந்தது. மேப்பிள் இலை வடிவத்தில், உள்ளே பயறு விழுது வைத்த மோமிஜி மஞ்சு நன்றாகவே இருக்கிறது, ஆனால் மேல்மாவில் முட்டை உண்டு என்பதைச் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. கடலோரத் தலங்களைப் பற்றிப் பயணக் கட்டுரை வெளியிடும்போது, போகும் வழி, விடுதி, உணவு என்று நீங்கள் போடுகிற பெட்டிச் செய்தியில் ஓத நேரத்துக்கும் ஒரு வரி இடம் கொடுங்கள். மியாஜிமாவுக்கு என்றால் அமாவாசை, பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என்று போட்டால் போதும். குழுவாகப் பயணம் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே அட்டவணையை வாங்கிப் பார்த்து, அந்தத் தேதிக்கு என்ன திதி, எத்தனை மணி நேரம் தீவில் விடுவார்கள் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது முறை அவர்களே மாற்றி எழுதுவார்கள். மதுரைக் குழுவில் வந்த அந்த அம்மா இதைப் படித்தால் அவருக்கு ஒன்று சொல்ல ஆசை: மறுபடி போகிற வாய்ப்பு அமைந்தால் மாலை வரை இருந்துவிட்டு வாருங்கள் அம்மா, தூண் வரை மணலில் நடந்தே போய்விடலாம், முழங்கால் வலி இருந்தாலும் கவலை வேண்டாம், சமதளம்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை,
தூத்துக்குடி.